இடது பக்கத்துத் தரை

காரின் கால்மிதிகளைத் துவைப்பது அந்த வீட்டில் மனைவியின் வேலை. மாதத்துக்கு ஒருமுறை நான்கையும் உருவி எடுத்து, பின்வாசல் குழாயடியில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, மதில்மேல் காயப்போடுவாள். அவள் மகள் வீட்டுக்குப் போன மூன்றாவது மாதத்தில், ஒரு விடுமுறை நாள் காலை, வேறு வேலை எதுவும் மிச்சமில்லாததால் கணவர் அதைக் கையில் எடுத்தார். துணி துவைத்து உலர்த்தியாகிவிட்டது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாணலி கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மணியைப் பார்த்தால் பத்துகூட ஆகியிருக்கவில்லை.

தன் பக்கத்து மிதியை முதலில் எடுத்தார். அப்புறம் பின்னால் இரண்டு. கடைசியாக முன்பக்கம் இடதுபுறம், மனைவி உட்காரும் இடம். அது கையோடு வரவில்லை. ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. பலமாக இழுத்ததும் கிழிகிற சத்தத்தோடு வந்தது. அடியில் ஊறிப்போன செய்தித்தாள். அதற்கு அடியில் நான்காக மடித்த பிளாஸ்டிக் பை. அதற்கும் அடியில், கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் தட்டு.

அந்தத் தட்டை அவருக்குத் தெரியும். விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். அவருடைய சாப்பாட்டுத் தட்டு. போன மழைக்கு முந்தின மழையின்போது "என் தட்டு எங்க?" என்று கேட்டார், "எங்கயாவது இருக்கும்" என்று பதில் வந்தது, வேறு தட்டில் சாப்பிட்டார், மறந்துபோனார்.

தட்டைத் தூக்கினார். தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, நிஜத் தரை. சிமெண்டில் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு ஓட்டையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போனது. அது போய் முடிகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையைச் சுற்றித் தகடு பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

"கால்ல தண்ணி வருதுங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை. இரண்டு மழைக்காலமாக, மழை பெய்த ஒவ்வொரு பயணத்திலும் சொல்லியிருக்கிறாள். செருப்பைக் கழற்றிக் காலை இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவையும் "சரி, பாக்கறேன்" என்றிருக்கிறார்.

அவர் தண்ணீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்காருகிறவர். தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து அதே ஜன்னல். வருகிறவர்கள் தண்ணீர் வரவில்லை என்பார்கள், வந்தது மஞ்சளாக இருக்கிறது என்பார்கள், தெருமுனையில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது என்பார்கள். சிலர் அழுவார்கள். சிலர் அவருடைய பிறப்பையே சந்தேகப்படுவார்கள். எல்லாருக்கும் தலையை ஆட்டி, குனிந்து எழுதிக்கொண்டு, "சரிங்க, பாக்கறோம்" என்பார். குரல் ஏறாது, இறங்காது. வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரத்தில் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிடுவார்கள். அவருக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் ரத்தக் கொதிப்பு வந்து மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாக்கறோம் சார்'. உடைந்த குழாயைப் போய்ப் பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள், வேறு கட்டடம். கேட்டுக்கொள்வதோடு அவர் வேலை முடிந்தது.

அலுவலகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராத மனிதர் என்று சொந்தக்காரர்கள் அவரை மெச்சுவார்கள். மனைவி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் போனது சண்டை போட்டுக்கொண்டு இல்லை. மகள் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது; அம்மா துணைக்குப் போனாள். கார் வாசலில் நிற்கும்போதே பஸ்ஸில் போனாள். அது ஒன்றுதான் அவருக்கு அப்போதே கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. "நான் கொண்டுபோய் விடறேனே" என்றதற்கு, "வேணாம், மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள். மழைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. சரி என்றார். இப்போது குழந்தையைக் காப்பகத்தில் விட ஆரம்பித்தாகிவிட்டது என்று மகள் சொல்லி வெகுநாள் ஆயிற்று. மனைவி திரும்பி வரவில்லை. எப்போது வருவாள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வருத்தமா என்றால், அதையும் அவரால் அடித்துச் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கன்னம் இருக்கிறது, தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

தட்டைப் பாத்திரம் தேய்க்கும் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அலமாரித் தட்டுகளோடு சாய்த்து வைத்தார். அப்புறம் மைத்துனனுக்கு போன் செய்து, "மாப்ள, கார் தரையில ஓட்டை. பத்தவைக்கணும்" என்றார்.

மனைவியின் தம்பி, இரும்புக் கிரில் பட்டறை வைத்திருப்பவன். அன்று சாயங்காலமே வந்தான். குனிந்து ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"மாமா, இது ஓட்டையா? நாய் நுழையற வாசல். ஊர்ல எவன் வீட்டுல ஒழுகினாலும் உங்ககிட்டதானே வந்து சொல்றான். இதை யாரும் வந்து எழுதித் தரலையா?"

 அவர் தட்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

"உன் மெஷின்ல முடியுமா?"

"என்னோடது ராடு மெஷின். கேட்டுக்கும் கம்பிக்கும் ஆகும். இந்தத் தகடு தடிமனுக்கு ராடைக் காட்டினாலே போதும், இன்னொரு நாய் நுழையும். இதுக்குக் கம்பிச்சுருள் மெஷின் வேணும். தெரிஞ்ச டிங்கர் இருக்கான், வண்டியக் குடுங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தருவான்."

"இல்ல. நானே பாக்கறேன்."

மைத்துனன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பாக்கறேன் என்று மாமா சொல்வது புதிதில்லை. 'நானே' என்பதுதான் புதிது.

வேலைக்குச் சேருவதற்கு முன்னால் அவர் தொழிற்பள்ளியில் ஒரு வருஷம் ராடு வெல்டிங் படித்தவர். கையில் அது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைத்தார். ஆனால் கம்பிச்சுருள் மெஷினில் இரண்டு வகை இருந்தது. அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

ஒன்று கேஸ் வைத்தது. எரிகிற கேஸ் இல்லை. உருகுகிற இரும்பின்மேல் வெளிக்காற்று படாமல் போர்த்திக்கொள்கிற கேஸ். பக்கத்தில் சிலிண்டர் நிற்கும், கம்பி வெளியே வரும்போதே அதைச் சுற்றி கேஸும் வரும். மெல்லிய தகட்டில் சுத்தமாக உட்காரும், பொறி அதிகம் தெறிக்காது. இன்னொன்று கேஸ் இல்லாதது. அதில் கம்பி உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளலுக்குள் மருந்து அடைத்திருக்கும். எரியும்போது மருந்தே புகைந்து இரும்பை மூடும். சிலிண்டர் வேண்டாம், தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம். ஆனால் சூடு ஜாஸ்தி, பொறி ஜாஸ்தி, மேலே கசடு படியும், கொஞ்சம் அசந்தால் கார்த் தகட்டில் பொத்துக்கொள்ளும்.

"யோசிக்க என்ன இருக்கு மாமா? காருக்குக் கேஸ்தான். கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றான் மைத்துனன்.

"காத்து அடிக்குமே."

அதில் உண்மை இருந்தது. கார் நிற்பது வீட்டின் பக்கவாட்டில், நான்கு தூண்மேல் தகரம் போட்ட இடம். சுவர் கிடையாது. பின்னால் காலி மனை. அங்கிருந்து வருகிற காற்றில் காலையில் போட்ட துணி மதியத்துக்குள் விறைத்துவிடும். அதற்காகவே மனைவி இந்த வீட்டுக்குச் சம்மதித்தாள். அந்தக் காற்றில் கேஸ் நிற்காது. கேஸ் பறந்துபோனால் உருகிப் பிடிக்கிற பற்று பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும்.

"சுத்தித் தடுப்புக் கட்டுங்க."

"கட்டலாம். உள்ள புகை நிக்கும்."

"அப்ப கேஸ் இல்லாததை வாங்குங்க."

"தகடு பொத்துக்கும்னு நீதானே சொன்னே."

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மாமா, எங்க அக்காவைப் பொண்ணு பாத்துட்டுப் போய் நீங்க பதில் சொல்ல எத்தன நாள் எடுத்தீங்கன்னு எங்க வீட்ல இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க. அதுலயாவது ஒரே ஒரு பொண்ணுதான் இருந்துச்சு."

அன்றிலிருந்து அதுவே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. அலுவலகம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, முகமூடி போட்டவர்கள் தகடு ஒட்டுவதைப் பார்ப்பார். கேஸ்தான் என்று ஒருவன் சத்தியம் செய்வான். கேஸ் இல்லாமலே இதோ பார் என்று இன்னொருவன் தைத்துக் காட்டுவான். இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். படுக்கப் போகும்போது கேஸ் என்று தீர்மானித்திருப்பார். காலையில் பல் தேய்க்கும்போது பின்ஜன்னல் காற்றில் தடதடவென்று ஆடும், தீர்மானம் போய்விடும். காரின் இருக்கையைக் கழற்றித் திண்டு மாதிரி முன்னறையில் வைத்திருந்தார். அந்த அறையில்தான் ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின் இருந்தது, மேலே உறை போட்டு. கார் இருக்கையில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் உட்கார்ந்தால் எதிரே தையல் மெஷின்தான் தெரியும்.

வெல்டிங் சாமான் கடைக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்தார். கடைக்காரர் பொறுமைசாலி. கடைசித் தடவை அவரே ஒரு மெஷினை இழுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், இது ரெண்டுக்கும் ஆகும். கேஸும் வெக்கலாம், கேஸ் இல்லாமயும் ஓட்டலாம். உங்க மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சது."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும். ஆனா ஒண்ணு. இது கேஸ் முறையில செட் பண்ணி வருது. கேஸ் இல்லாத கம்பி போட்டீங்கன்னா, இந்தக் கதவைத் தெறந்து, உள்ள பிளஸ், மைனஸ் இருக்கு பாருங்க, இந்த ரெண்டு வயரையும் மாத்திப் போடணும். மறந்துடக் கூடாது. மாத்திப் போடணும், சரிங்களா?"

"சரிங்க" என்று தலையை ஆட்டினார். "பாக்கறேன்" என்றும் சொன்னார். வாங்காமல் வந்துவிட்டார்.

அந்த வாரம்தான் மகள் போன் செய்தாள். வழக்கமாக அவள் கேட்பதும் அவர் சொல்வதும் ஒரே மாதிரிதான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அன்றைக்கு நடுவில் நிறுத்தினாள்.

"என்னதான்பா பண்றீங்க தினமும்?"

"வெல்டிங் மெஷின் வாங்கணும். கேஸா, கேஸ் இல்லாததான்னு பாத்துட்டிருக்கேன்."

"இன்னுமா?"

"ரெண்டுலயும் ஒரு நல்லது இருக்கு."

 மகளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அம்மா அங்க வர்றாங்க. மாமா வண்டி எடுத்துட்டுப் போறாரு. தையல் மெஷினை இங்க கொண்டுவர்றாங்களாம். இங்க பக்கத்து வீடுகள்ல தைக்கக் கேக்கறாங்க."

"சரிம்மா."

"சரியா? நான் சொன்னது புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுது."

"அம்மாகிட்ட குடுக்கவா போனை?"

"வேலையா இருப்பா. இருக்கட்டும்."

புரிந்திருந்தது. தையல் மெஷின் கல்யாணத்தின்போது அவள் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக்கொண்டு வந்தது. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதலில் அது எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை இறக்குவாள். துணிமணி எடுக்க வருகிறாள் என்றால் வேறு. தையல் மெஷின் போகிறது என்றால் அவள் போகிறாள். வந்து போகிற அம்மாவாக இல்லாமல் அங்கேயே இருக்கிற அம்மாவாகப் போகிறாள். இவ்வளவும் அவருக்கு, கார் இருக்கையில் உட்கார்ந்தபடி, சுத்தமாகப் புரிந்தது. நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். போனில் சார்ஜ் குறைந்துவிட்டது என்று சத்தம் வந்தது. எழுந்து போய்ச் சொருகினார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து நேராகக் கடைக்குப் போய் அந்த வெல்டிங் மெஷினை எடுத்து வந்தார். கேஸ் இல்லாத கம்பிச்சுருள் ஒன்றும் வாங்கினார். சிலிண்டர் வாடகைக்கு எடுக்க, தடுப்புக் கட்ட எல்லாம் இனி நேரமில்லை. காற்று அடிக்கட்டும், மருந்துக் கம்பிக்குக் கவலையில்லை. இத்தனை நாள் யோசனை முடிந்தது இப்படித்தான்.

சனிக்கிழமை பாட்டரியைக் கழற்றினார். பெட்ரோல் குழாய் வலப்பக்கம் அடியில் போவதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். தரைவிரிப்பை உருவி வெளியே போட்டார். ஓட்டையைச் சுற்றித் துரு இல்லாத தகடு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டி, உதிர்ந்த ஓரத்தை வெட்டிச் சதுரமாக்கினார். அட்டையில் அளவெடுத்துப் புதுத் தகடு வெட்டினார். காந்தம் வைத்துப் பொருத்தினார். ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் பக்கத்தில். இதெல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டு முதல் பொட்டு வைத்தார்.

படபடவென்று வெடித்தது. தாளிக்கும்போது கடுகு சிதறுகிற மாதிரி பொறி நாலாபுறமும் பறந்தது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், தகட்டின்மேல் காக்கை எச்சம் மாதிரி ஒரு உருண்டை. சுத்தியலால் தட்டினார், உருண்டு கீழே விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் அப்படியே. சூட்டைக் கூட்டினார், பொத்துக்கொண்டது. குறைத்தார், கம்பி உருகாமல் தகட்டில் முட்டித் திரும்பியது. கம்பி வேகத்தை மாற்றினார். எர்த் வயரின் கிளிப்பை இடம் மாற்றிக் கவ்வவைத்தார். ஒரு மணி நேரத்தில் தகட்டைச் சுற்றி எச்சமும் ஓட்டையுமாக ஆகி, இருந்ததைவிடக் கேடாகப் போயிற்று. கையில் மிச்சம் இருக்கும் என்று நினைத்தது மிச்சம் இல்லை என்று முடிவு கட்டினார். அப்படி முடிவு கட்டியதிலும் பெரிய வருத்தம் இல்லை. முகமூடியையும் ஒட்டாத தகட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, காரின் தரையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டை வழியாகப் பாதம் சிமெண்டைத் தொட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் கடைக்காரருக்கு போன் செய்யத் தோன்றியது.

"வயரை மாத்திப் போட்டீங்களா சார்?"

"எந்த வயர்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பிளஸ், மைனஸ். கேஸ் இல்லாத கம்பிக்கு மாத்திப் போடணும்னு சொன்னேனே. ரெண்டு வாட்டி சொன்னேன் சார். நீங்க தலையாட்டினீங்க."

"ஆமா. ஆட்டினேன்."

தொழிற்பள்ளியில் அவர் படித்த பழைய ராடு மெஷினில் பிளஸ், மைனஸ் என்ற பேச்சே கிடையாது. எந்த வயரை எங்கே போட்டாலும் எரியும். அதனால் கடையில் காது அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கவேண்டும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கடைக்காரர் பேசியபோது தான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நிறத்தில் இருந்ததை என்பது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. குரல் கேட்டது. சரிங்க என்று வாய் சொன்னது. அதற்கும் இதற்கும் நடுவே ஆள் யாரும் இல்லை.

மெஷினின் கதவைத் திறந்து வயர்களை மாற்றிப் போட்டார், தகட்டைத் திரும்பப் பொருத்தினார். அடுத்த பொட்டு மெதுவாகச் சீறிக்கொண்டு உட்கார்ந்தது. கசடைத் தட்டினால் அடியில் பற்று இருந்தது, சுத்தியலுக்கு அசையவில்லை. அப்புறம் பொட்டு வைப்பதும் காத்திருப்பதுமாகப் போயிற்று. ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு போனால் தகடு சூடேறி நெளியும். ஒரு பொட்டு இந்த மூலையில், அடுத்தது எதிர்மூலையில், நடுவில் ஆறவிடவேண்டும். காத்திருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொத்துக்கொண்ட இடங்களைத் திரும்ப அடைத்தார். காற்று பலமாக அடித்தது, பற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் சுற்றிலும் மூடிவிட்டார். பார்க்க லட்சணமாக இல்லை. தழும்பு மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. வாளித் தண்ணீரை அப்படியே தரையில் ஊற்றி, கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. துடைத்து, இணைப்புப் பசை தடவி, கறுப்பு பெயிண்ட் அடித்தார்.

ஞாயிறு காலை இருக்கையை மாட்டி, துவைத்த மிதியைப் போட்டு முடிக்கும்போது மைத்துனனின் சின்ன லாரி வந்து நின்றது. மனைவி இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அல்லது தலைமுடியை வேறு மாதிரி முடிந்திருந்தாள். எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பெயிண்ட் வாசனை அடிக்குது" என்றாள்.

"தரையைப் பத்தவெச்சேன். உன் பக்கம்."

"தம்பி சொன்னான்."

"உக்காந்து பாரு."

அவள் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் முதலில் காலை மடக்கப் பார்த்து, அப்புறம் கீழே வைத்தாள். அவர் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்ல ஆரம்பித்தார். கேஸ் வைத்தால் சுத்தமாக வரும், ஆனால் காலி மனைக் காற்றில் கேஸ் பறந்துவிடும். கேஸ் இல்லாததில் கம்பிக்குள்ளேயே மருந்து. வயரை மாற்றிப் போட மறந்ததால் முதலில் காக்கை எச்சம் மாதிரி வந்தது. ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு அங்கே, ஆறவிடணும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. அவர் இவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி மைத்துனனே கேட்டதில்லை. லாரியின் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி கடைசிவரை கேட்டாள். செருப்பின் நுனியால் மிதியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றாள். இறங்கி உள்ளே போனாள்.

சமையலறையில் அவளே டீ போட்டாள். டம்ளர் எடுக்க அலமாரியைத் திறந்தவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். அவர் வாசற்படியில் நின்றிருந்தார். சாய்த்து வைத்த தட்டுகளில் முதலாவதாக அந்த நசுங்கல் தட்டு.

"இதை எப்ப எடுத்தீங்க?"

"மிதி துவைக்கும்போது."

"ரெண்டு மழை தாங்குச்சு" என்றாள். குறை சொல்கிற குரலாக இல்லை. நல்ல தட்டு என்று சொல்கிற மாதிரி இருந்தது. "உங்க தட்டை எடுத்தா தேடுவீங்க, கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு வெச்சேன்."

"கேட்டேனே."

"ஒரு வாட்டி கேட்டீங்க."

மூன்று பேரும் முன்னறையில் டீ குடித்தார்கள். கார் இருக்கை போய்விட்டதால் அறை காலியாகத் தெரிந்தது. மைத்துனன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அக்கா, மெஷின் தலையைத் தனியாக் கழட்டிடலாமா, இல்ல அப்படியே தூக்கிடலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கயிறு கொண்டுவரப் போனான்.

அவள் ஜன்னலோரம் போய் மெஷினின் உறையை எடுத்து மடித்தாள். நூல்கண்டுப் பெட்டியை எடுத்து மேலே வைத்தாள். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன். சரின்னும் சொல்லாதீங்க, பாக்கறேன்னும் சொல்லாதீங்க."

அவர் தலையாட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

"இந்த மெஷின் போகட்டுமா, இருக்கட்டுமா?"

வெளியே லாரியின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் மெஷினைப் பார்த்தார். கால் வைக்கும் இரும்புப் பலகையில் வலது ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மகள் வீட்டுப் பக்கம் தைக்கக் கேட்கிறார்களாம். அவளுக்கு நாலு பேரோடு பேச்சுத்துணையாக இருக்கும், குழந்தை இருக்கும். போனால் அதில் ஒரு நல்லது இருக்கிறது. இங்கே ஜன்னல் வெளிச்சம் இருக்கிறது, காற்று இருக்கிறது, தரை இனி ஒழுகாது. இருந்தால் அதிலும் ஒரு நல்லது இருக்கிறது. எந்தப் பக்கம் நல்லது ஜாஸ்தி என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறாள் என்பது அதற்கும் பின்னால்தான் உறைத்தது. அது தெரிந்த பிறகும் சொல் எங்கேயோ உள்ளே இருந்து கிளம்பி வர நேரம் பிடித்தது. இருக்கட்டும் என்ற ஒரு சொல்தான். நாக்கு வரை வந்துவிட்டது என்றுகூட நினைத்தார்.

அவள் நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அவருடைய புகார் ஜன்னலில் வழக்கமாக நின்று பழகியவர்கள் மாதிரி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீயில் ஆடை படிகிற அளவுக்கு நேரம் ஆனது.

"மாமா, ஒரு கை குடுங்க" என்று மைத்துனன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

அவள் கத்தரிக்கோலை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அவருடைய டம்ளரையும் தன்னுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.